ப்ளூபேர்டுக்கு வீடு வெச்சா சிட்டுக்குருவி குடிவருது

முதல்ல அந்தக் குச்சியை உடைச்சுப் போடணும்.

அமெரிக்காவுல பிப்ரவரி பிறந்துட்டா தோட்டச் சாமான் விக்கிற கடைகள்ல ஒரு அலமாரி முழுக்கப் பறவை வீடா நிக்கும். ஒண்ணு சர்ச் மாதிரி, ஒண்ணு ரயில்வே ஸ்டேஷன் மாதிரி, இன்னொண்ணு புகைபோக்கி, சன்னல், திண்ணை எல்லாம் வெச்ச குட்டி பங்களா. சிவப்பு மஞ்சள்னு பெயிண்ட் வேற. ஓட்டைக்குக் கீழ ஒரு மரக்குச்சி நீட்டிக்கிட்டு இருக்கும். பறவை அதுல உக்காந்து காலிங் பெல் அடிச்சுட்டு உள்ளே போகும்னு நினைச்சாங்களோ என்னவோ. அட்டையில கொட்டை எழுத்துல 'ப்ளூபேர்ட் ஹவுஸ்'.

ப்ளூபேர்டுக்கு அந்தக் குச்சி தேவையே இல்ல. மரங்கொத்தி போட்ட பொந்துல காலங்காலமா குடியிருக்கிற பறவை அது. எந்த மரங்கொத்தியும் வாசல்ல குச்சி நட்டுவெச்சுட்டுப் போனதில்ல. கால் நகத்தால மரத்தைப் பிடிச்சுக்கிட்டுத் தொங்க அதுக்கு நல்லாவே தெரியும். குச்சியால வசதி யாருக்குன்னா, சிட்டுக்குருவிக்கு. ஹாயா உக்காந்து, உள்ளே எட்டிப் பார்த்து, இருக்கிறவங்களை மிரட்டறதுக்கு.

(ஆமா, சிட்டுக்குருவிதான். தப்பா படிக்கல. அந்தக் கதை தனியா வருது.)

ப்ளூபேர்ட் வட அமெரிக்காவோட சொந்தப் பறவை. மூணு வகை இருக்கு: கிழக்குப் பக்கம் ஈஸ்டர்ன், மேற்குப் பக்கம் வெஸ்டர்ன், மலைப் பக்கம் மவுண்டன். ஈஸ்டர்ன் ப்ளூபேர்ட் மொத்தமே 30 கிராம் தேறும். ஆணுக்கு முதுகு பூரா நீலம், நெஞ்சு செங்கல் நிறம், வயிறு வெள்ளை. அந்த நீலத்துல நீலச் சாயம் ஒரு துளிகூடக் கிடையாது. இறகோட நுண்ணிய அமைப்புல வெளிச்சம் பட்டுச் சிதறி வர்ற நிறம். அதனால மேகமூட்டத்துல மங்கலா, சுமாரா தெரியற பறவை, வெயில் பட்ட நிமிஷமே வேற ஆளா மாறிடும். நியூயார்க்குக்கும் மிசோரிக்கும் ஈஸ்டர்ன் மாநிலப் பறவை. ஐடஹோவும் நெவாடாவும் மவுண்டனைப் பிடிச்சுக்கிட்டாங்க.

இவ்வளவு அழகுக்கு ஒரே ஒரு குறை. சொந்தமா பொந்து குடையத் தெரியாது. மரங்கொத்தி விட்டுட்டுப் போனது, உளுத்துப்போன வேலிக் கம்பத்துல விழுந்த ஓட்டை, பழைய ஆப்பிள் மரத்துப் பொந்து, இதுல எது கிடைக்குதோ அதுதான் வீடு. பட்ட மரம் பார்க்க நல்லா இல்லன்னு வெட்டினாங்க. மரக் கம்பம் போட்ட வேலியெல்லாம் இரும்புக் கம்ப வேலியாச்சு. மிச்சம் மீதி இருந்த பொந்துக்குப் போட்டி போட, கடல் தாண்டி ரெண்டு பேர் வந்து இறங்கினாங்க.

ஒருத்தர் ஸ்டார்லிங், நம்ம மைனாவோட குடும்பம். 1890ல யூஜின் ஷிஃப்லின்னு ஒரு பணக்காரர் நியூயார்க் சென்ட்ரல் பார்க்ல அறுபது ஸ்டார்லிங்கைத் திறந்துவிட்டார். அடுத்த வருஷம் இன்னொரு நாப்பது. (ஷேக்ஸ்பியர் நாடகத்துல வர்ற பறவை ஒண்ணு விடாம அமெரிக்காவுக்குக் கொண்டுவரணும்னு அவர் ஆசைப்பட்டார்னு ஒரு கதை எல்லா இடத்துலயும் உலாத்துது. சொல்ல நல்லா இருக்கு, ஆதாரம்தான் இல்ல.)

இன்னொருத்தர், நம்ம சிட்டுக்குருவி. 1850களோட தொடக்கத்துல, மரத்துல புழு ஜாஸ்தியாயிடுச்சு, அதைத் தின்னும்னு சொல்லி ஐரோப்பாவுலேர்ந்து புரூக்ளினுக்குக் கொண்டுவந்தாங்க. புழுவை எவ்வளவு தின்னுச்சோ, குதிரைச் சாணத்துல கிடந்த தானியத்தைத் தின்னு கண்டம் பூராவும் பரவிடுச்சு.

இங்கதான் தமிழ் வாசகருக்குக் கொஞ்சம் சங்கடம். பாரதி சமையலுக்கு வெச்சிருந்த அரிசியை அள்ளிப் போட்டாருன்னு சொல்வாங்களே, அதே குருவி. மார்ச் 20 சிட்டுக்குருவி தினம்னா நம்ம ஊர்ல பள்ளிக்கூடப் பசங்களுக்கு மரப்பெட்டி கொடுத்து, பால்கனியில மாட்டுங்க, குருவி திரும்ப வரட்டும்னு கேக்குறாங்க. அதே மார்ச்ல ஒஹாயோவுலயும் வர்ஜீனியாவுலயும் வீட்டுக் கொல்லையில பெட்டி வெச்சவங்க, இந்தக் குருவி மட்டும் உள்ளே வந்துடக் கூடாதுன்னு தினமும் சன்னல் வழியா பார்த்துக்கிட்டு இருக்காங்க. காரணம் இல்லாம இல்ல. அந்த ஊர்ல சிட்டுக்குருவி பெட்டியைப் பிடிக்கணும்னா முட்டையைக் கொத்தும், குஞ்சைக் கொல்லும், அடைகாக்கிற தாயையே தலையில கொத்திக் கொன்னுட்டு அது மேலயே தன் கூட்டைக் கட்டும். நம்ம முற்றத்துல தத்தித் தத்தி நடந்த அந்தச் சாதுவா இதுன்னு தோணும். குருவி மேல குத்தம் இல்ல. அதுவும் பொந்து தேடுற பறவை, கொண்டுபோய் விட்டவங்க மனுஷங்க.

சரி, பெட்டிக்கு வருவோம்.

கடையில அழகு பார்த்து வாங்குறதுதான் வினை. பார்க்க வேண்டியது ஓட்டையை. ஈஸ்டர்ன் ப்ளூபேர்டுக்கு சரியா ஒன்றரை இன்ச் வட்டம். அதுல ப்ளூபேர்ட் நுழையும், அதைவிடத் தடிமனான ஸ்டார்லிங் நுழைய முடியாது. ஒரு நூல் அகலம் கூடினாலும் ஸ்டார்லிங் உள்ளே. மவுண்டனுக்கும் வெஸ்டர்னுக்கும் ஓட்டை கொஞ்சம் பெரிசு, 1 9/16 இன்ச். மினசோட்டாக்காரர் டிக் பீட்டர்சன் வட்டத்தையே விட்டுட்டு, 1 3/8 இன்ச் அகலம், 2 1/4 இன்ச் உயரம்னு முட்டை வடிவ ஓட்டை போட்டார். அவர் பேர்லயே அந்தப் பெட்டி நின்னுடுச்சு: முன்பக்கம் சாஞ்சு, கூரை சரிஞ்சு, கீழே போகப் போகக் குறுகி, பார்க்கக் கோணலா இருக்கும். பெட்டி வெக்கிறவங்களுக்குள்ள வட்டமா, முட்டையான்னு இன்னிக்கும் வழக்கு தீரல.

ஆனா ஓட்டை அளவால சிட்டுக்குருவியைத் தடுக்கவே முடியாது. அது ப்ளூபேர்டைவிடச் சின்னது. ப்ளூபேர்ட் நுழையற எந்த ஓட்டையிலயும் அது நுழையும். 'சிட்டுக்குருவி வராத பெட்டி'ன்னு யாராவது வித்தா, பர்ஸை மூடிக்கிறது நல்லது. பிளாஸ்டிக் குழாயில ஸ்டீவ் கில்பர்ட்சன் செஞ்ச உருண்டைப் பெட்டி அதுக்கு அவ்வளவா பிடிக்காதுன்னு ஒரு பேர் உண்டு. அவ்வளவுதான். வேற இடம் இல்லன்னா அதுலயும் போய் உக்காரும்.

மத்த சங்கதியெல்லாம் தச்சு வேலை. முக்கால் இன்ச் கனத்துல சீடர் பலகை, இல்ல பைன். மருந்து ஏத்தின பலகை கூடாது. தரை நாலுக்கு நாலு இன்ச், இல்ல அஞ்சுக்கு அஞ்சு. தரையில நாலு மூலையிலயும் தண்ணி வடிய வழி, மேல பக்கவாட்டுல காத்துக்குச் சந்து. கூரை முன்னாடி நல்லா நீட்டிக்கிட்டு இருக்கணும்; மழைக்கு மட்டும் இல்ல, மேலேர்ந்து கையை விட்டுத் துழாவுற ரக்கூன்ங்கிற பிராணிக்கும் அது இடைஞ்சல். உள்பக்கம் வழவழன்னு இழைச்சு வைக்கக் கூடாது. ஓட்டைக்குக் கீழ உள்பக்கமா ரம்பத்தால குறுக்கக் குறுக்கக் கீறிவிட்டா, குஞ்சு அதுல காலை வெச்சு ஏறி வெளியே வரும். கறுப்பு, கரும்பச்சை பெயிண்ட் வேண்டவே வேண்டாம். டெக்சஸ் மாதிரி ஊர்ல ஜூன் ஜூலை வெயில்ல பெட்டிக்குள்ள 105 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தாண்டி அப்படியே நின்னுச்சுன்னா முட்டைக்குள்ள இருக்கிற கரு தாங்காது.

அப்புறம், கதவு. பெட்டி திறக்கணும்! பங்களா, சர்ச், ரயில்வே ஸ்டேஷன்ல முக்கால்வாசி நாலு பக்கமும் ஆணி அடிச்சு மூடினது. உள்ளே என்ன நடக்குதுன்னும் தெரியாது, பழைய கூட்டை எடுத்துப் போடவும் முடியாது. அந்த ஒரு காரணத்துக்காகவே அதையெல்லாம் புத்தக அலமாரியில வெச்சு அழகு பார்க்கலாம், தப்பில்ல.

இந்த அளவெல்லாம் யாரோ ஆபீஸ்ல உக்காந்து போட்ட கணக்கு இல்ல. இல்லினாய் மாநிலம் குவின்சியில டி. இ. மசல்மன்னு ஒருத்தர், 1930கள்லயே நாட்டுப்புறச் சாலை ஓரமா வரிசையாப் பெட்டி மாட்டிக்கிட்டுப் போனார். ப்ளூபேர்ட் ட்ரெயில்னு அதுக்குப் பேர் வெச்சதும் அவர்தான். அதுக்கப்புறம் மேரிலாந்துல லாரன்ஸ் ஸெலனி. விவசாயத் துறையில உயிர் வேதியியல் விஞ்ஞானியா இருந்து ஓய்வு பெற்றவர். பெல்ட்ஸ்வில்ல இருக்கிற வேளாண் ஆராய்ச்சிப் பண்ணையில பெட்டி வெச்சுப் பல வருஷம் கவனிச்சு, 1976ல ப்ளூபேர்டைப் பத்தியே ஒரு புத்தகம் போட்டார். 1977 ஜூன்ல நேஷனல் ஜியாகிரபிக்ல அவர் கட்டுரை வந்துச்சு. படிச்சவங்க கொல்லைக்கு ஓடினாங்க. 1978ல வட அமெரிக்க ப்ளூபேர்ட் சங்கத்தைத் தொடங்கினதும் அவரே. அதே 1978லதான் ஐடஹோவுல ஆல் லார்சன் முதல் பெட்டிகளை வெச்சார். அறுத்து இழைக்கிற மர மில்லுல வேலை பார்த்தவர். பெட்டி முந்நூறைத் தாண்டிச்சு. தொண்ணூறு வயசு ஆன பிறகும் ஒவ்வொண்ணாத் திறந்து பார்த்து, குஞ்சுக்கு வளையம் மாட்டிக்கிட்டிருந்த அந்த மனுஷர் மேல 2014ல 'ப்ளூபேர்ட் மேன்'னு ஆவணப்படமே வந்தது.

இவங்க எல்லாரும் மாறி மாறி அடிபட்டுத் தெரிஞ்சுக்கிட்ட விஷயம் ஒண்ணு இருக்கு. புதுசா பெட்டி வாங்குறவங்க கண்ணுல கடைசியாப் படறதும் அதுதான். கம்பம்.

ஆரம்பத்துல எல்லாரும் வேலிக் கம்பத்துலயும் மரத்துலயும்தான் பெட்டியை அடிச்சாங்க. வசதி, செலவும் இல்ல. ரக்கூனுக்கும் அதே வசதி. ஒரு வேலிக் கம்பத்துல முட்டை கிடைச்சா அது அடுத்த கம்பத்துக்குப் போகும், அதுக்கடுத்ததுக்கும். வரிசையா வெச்ச பெட்டி அதுக்கு வரிசையா வெச்ச சாப்பாடு. பாம்பு இன்னும் சாமர்த்தியம். கறுப்பு ரேட் ஸ்நேக், நம்ம சாரை மாதிரி விஷம் இல்லாதது, ஆறடி நீளம் சர்வசாதாரணம். மரப்பட்டையில மேல ஏறி, ஒன்றரை இன்ச் ஓட்டையில தலையை விட்டு, உள்ளேயே சுருண்டு, அஞ்சு குஞ்சையும் முழுங்கிட்டு செரிக்கிற வரைக்கும் அங்கேயே தூங்கும். மறுநாள் ஆசையா கதவைத் திறக்கிறவங்க கத்தற கத்தல் தெருக்கோடி வரைக்கும் கேக்கும்.

அதனால இரும்புக் குழாய். கரண்ட் வயர் ஓடுறதுக்குச் சுவத்துல பதிக்கிற மெல்லிசு அரை இன்ச் குழாய் போதும். கட்டடக் கம்பி ஒண்ணைத் தரையில பாதி அடிச்சு இறக்கிட்டு, குழாயை அது மேல சொருகிட்டா தீர்ந்தது. குழாய் மட்டும் நிக்கவெச்சா பாம்பு அதுலயும் ஏறும், சந்தேகமே வேண்டாம். பெட்டிக்குக் கீழ ஒரு தடுப்பு வேணும். அடுப்புப் புகைபோக்கிக்கு விக்கிற தகரக் குழாய், எட்டு இன்ச் அகலம், ரெண்டடி நீளம். மேல்வாயைக் கம்பி வலையால அடைச்சு, கம்பத்தைச் சுத்தி லேசா ஆடற மாதிரி தொங்கவிடணும். பாம்பு கம்பத்தைச் சுத்திக்கிட்டே மேல வந்து, தகரத்துக்குள்ள நுழைஞ்சு, வலையில தலை முட்டித் திரும்பும். ரக்கூன் வெளிப்பக்கமா கட்டிப் பிடிச்சா தகரம் ஆடி வழுக்கிவிடும். கம்பத்துல கிரீஸ் தடவறவங்களும் இருக்காங்க. வெயில்ல உருகி, தூசி அப்பி, ரெண்டே வாரத்துல அது பிரயோஜனம் இல்லாம போயிடும். பெட்டிக்கு நாப்பது டாலர் கொடுக்கத் தயாரா இருக்கிறவங்க தகரத் தடுப்புக்குப் பத்து டாலர் கொடுக்க யோசிக்கிறதுதான் புரியாத கணக்கு.

எங்கே நடறது? ப்ளூபேர்ட் சாப்பிடற விதத்தைப் பார்த்தாலே பதில் கிடைச்சுடும். ஒரு கம்பியிலயோ கிளையிலயோ குனிஞ்சு உக்காந்து கீழே புல்லையே பார்த்துக்கிட்டு இருக்கும். 60 அடி தூரத்துல ஒரு வெட்டுக்கிளி அசைஞ்சாலும் தெரியும். பொத்துனு இறங்கி, கவ்வி, திரும்ப அதே கிளை. ஆக, புல் கட்டையா இருக்கணும், அங்கங்க உக்காரக் கிளை இருக்கணும், நடுவுல வெட்டவெளி. புல்வெளி, மேய்ச்சல் நிலம், கல்லறைத் தோட்டம், கோல்ஃப் மைதானம் எல்லாம் அதுக்குச் சொர்க்கம். ஆனா புல்லுக்குப் பூச்சிமருந்து அடிச்சு வெச்சுட்டுப் பறவைக்குப் பெட்டி வெக்கிறது, சாப்பாட்டைப் பூட்டிட்டு வீட்டுக்குக் கூப்பிடற மாதிரி.

காட்டோரம், புதர் ஓரம் கூடவே கூடாது. அங்க ஹவுஸ் ரென்னு சுண்டுவிரல் சைஸ் பறவை ஒண்ணு இருக்கு. பாட்டு அமர்க்களமா பாடும். பக்கத்துல எந்தப் பொந்துல முட்டை இருந்தாலும் குத்தி ஓட்டை போட்டுட்டு, குச்சியா அடைச்சு வெச்சுட்டுப் போயிடும். தொழுவம், கோழிப் பண்ணை, தானியம் போடற தட்டு பக்கத்துல வெச்சா சிட்டுக்குருவி. வீட்டுக் கொல்லை சின்னதா, நாலு பக்கமும் வீடா இருந்தா ப்ளூபேர்ட் ஆசையை விட்டுட்டு, ஓட்டையை ஒண்ணேகால் இன்ச்சுக்கும் கீழ குறைச்சு சிக்கடீங்கிற குட்டிப் பறவைக்குப் பெட்டி வெக்கிறது உத்தமம். சிட்டுக்குருவியும் வராது.

உயரம் அஞ்சு அடி, ஆறு அடி. கண்ணுக்கு எட்டற மாதிரி இருந்தாத்தான் திறந்து பார்க்க முடியும். வாசல் எந்தத் திசைன்னு கேட்டா நம்ம மனைப் பிரிவு விளம்பரம்தான் ஞாபகம் வரும்: கிழக்கு பார்த்த வாசல் விசேஷம்! வாஸ்து இல்ல, காலை வெயில் விழும், பிற்பகல் சூடு நேரா உள்ளே இறங்காது. காத்தும் மழையும் அந்த ஊர்ல எந்தப் பக்கத்துலேர்ந்து அடிக்குதோ அதுக்கு முதுகைக் காட்டினா சரி. அதைவிட முக்கியம், வாசலுக்கு எதிரே 25லேர்ந்து 100 அடிக்குள்ள ஒரு மரமோ உயரமான புதரோ இருக்கணும். குஞ்சு பெட்டியை விட்டு முதல் தடவை பறக்கும்போது தரையில விழாம போய் உக்கார ஒரு இடம். தரையில விழுந்தா பூனைக்குத்தான்.

இன்னொரு பெட்டி வேணுமா? ரெண்டு ஈஸ்டர்ன் ஜோடி பக்கத்துப் பக்கத்துல குடியிருக்காது, குறைஞ்சது 100 கெஜம் தள்ளணும். ஆனா ட்ரீ ஸ்வாலோங்கிற தகைவிலான் இனம் வர்ற ஊர்னா, ரெண்டு பெட்டியை ஜோடியா, 15, 20 அடி இடைவெளியில நடறாங்க. ஒண்ணை ஸ்வாலோ எடுத்துக்கும். இன்னொரு ஸ்வாலோ ஜோடியைப் பக்கத்துல அண்டவிடாது. ஆனா ப்ளூபேர்டைப் பத்திக் கவலைப்படாது. ஆக ரெண்டாவது பெட்டி ப்ளூபேர்டுக்குக் காலியா இருக்கும், வாசல்ல காவலும் இலவசம். இதைக் கண்டுபிடிச்ச புண்ணியவானுக்குச் சிலையே வெக்கலாம்.

வந்துச்சுன்னா ஆண்தான் முதல்ல வரும். வாயில ஒரு புல்லைக் கவ்விக்கிட்டு ஓட்டைக்கு முன்னாடி தொத்தி, உள்ளே தலையை விட்டு, வெளியே எடுத்து, திரும்ப உள்ளே விட்டு, கூரை மேல ஏறி ஒரு றெக்கையை மட்டும் தூக்கி ஆட்டிக் காட்டும். பெரிய வேலைக்காரன் மாதிரி. அந்தம்மா உள்ளே போய்ப் பார்த்துட்டு வந்து சம்மதம்னா அப்புறம் கூடு கட்டறது பூரா அவங்க தலையில. இவரு கூடவே பறந்து வேடிக்கை பார்ப்பாரு.

வாரம் ஒருதரம் திறந்து பார்க்கணும். கை பட்டா தாய் விட்டுட்டுப் போயிடும்னு சொல்றது சும்மா. பக்கத்துல மெல்லத் தட்டி, தாய் வெளியே போக நேரம் கொடுத்துட்டு, கதவைத் திறந்தா யாரு குடியிருக்காங்கன்னு கூடே சொல்லிடும். மெல்லிசுப் புல்லோ பைன் ஊசியோ சீராக் கிண்ணம் போட்டிருந்தா ப்ளூபேர்ட். அதே புல்லு மேல வெள்ளை இறகா விரிச்சிருந்தா ஸ்வாலோ. பச்சைப் பாசியும் முடியுமா மெத்து மெத்துனு இருந்தா சிக்கடீ. குச்சியாவே அடைச்சிருந்தா ரென். வைக்கோல், காகிதம், சாக்லேட் தாள், கோழி இறகுன்னு குப்பைத் தொட்டியைக் கவிழ்த்த மாதிரி கூரை வரைக்கும் இருந்தா, நம்ம ஆளு.

ப்ளூபேர்டுன்னா வெளிர்நீல முட்டை, பெரும்பாலும் நாலஞ்சு, நாளைக்கு ஒண்ணு. 12லேர்ந்து 14 நாள் அடை. பொரிச்ச பிறகு 13ஆம் நாளோட கதவைத் திறக்கிறதை நிறுத்திடணும். அதுக்கு மேல திறந்தா குஞ்சு பயந்து, பறக்கத் தெரியாமலே வெளியே குதிச்சிடும். அதுவா கிளம்பினதும் பழைய கூட்டை வழிச்சு எடுத்துட்டா, பல ஊர்ல அதே ஜோடி ரெண்டாவது ஈட்டுக்கு வரும்.

சிட்டுக்குருவி வந்துட்டா? ரென், ஸ்வாலோ, சிக்கடீ மேலெல்லாம் கை வைக்கக் கூடாது. 1918லேர்ந்து வலசைப் பறவைச் சட்டம் காவல் இருக்கு. சிட்டுக்குருவியும் ஸ்டார்லிங்கும் அந்தச் சட்டத்துல வராது, கூட்டைப் பிரிச்சுப் போடலாம். ஆனா ஆண் குருவி பெட்டி மேல உயிரா இருக்கும். கூட்டைப் பிடுங்கினா கோபத்துல அக்கம்பக்கத்துப் பெட்டியையும் துவம்சம் பண்ணும். அதுக்குப் பதிலா ஓட்டையைக் கொஞ்ச நாள் அடைச்சு வெக்கிறது நல்லது. ப்ளூபேர்ட் முதல் முட்டை போட்ட பிறகு, கூரைக்கு மேல பளபளக்கிற தாளை நாடா நாடாக் கிழிச்சுத் தொங்கவிடறவங்களும் உண்டு. ப்ளூபேர்ட் ஒரு மணி நேரத்துல பழகிடும், குருவி கிட்ட வராது. முன்னாடியே தொங்கவிட்டா ப்ளூபேர்டும் ஓடிடும். எதுக்கும் மசியலன்னா கம்பத்தோட பெட்டியைப் பிடுங்கி, வீடு, தானியம் எல்லாத்தையும் விட்டுத் தள்ளி நடறதுதான் வழி. கவனிக்க முடியாத பெட்டியைக் கழட்டி வெச்சுடறது ப்ளூபேர்டுக்கே நல்லது.

குளிர்காலத்துல பெட்டியைக் கழட்டத் தேவையில்ல. பனி கொட்டற ராத்திரியில ஏழெட்டு ப்ளூபேர்ட் ஒரே பெட்டிக்குள்ள ஒண்ணு மேல ஒண்ணு ஏறி நெருக்கிக்கிட்டுத் தூங்கும். காத்துச் சந்தை மட்டும் துணி வெச்சு அடைச்சுவிட்டா போதும். பிப்ரவரி கடைசியில துணியை எடுத்துட்டு, பெட்டியைச் சுத்தம் பண்ணும்போது கையுறையும் முகமூடியும் மறக்கக் கூடாது, கதவைத் திறக்கும்போது முகத்தைப் பக்கவாட்டுல வெச்சுக்கிறது உத்தமம். பாதிப் பெட்டியில அதுக்குள்ள எலி குடும்பம் நடத்திக்கிட்டு இருக்கும். அதோட எச்சத்துல ஹான்டா வைரஸ் இருக்கலாம், எலியும் கதவு திறந்ததும் நேரா மூஞ்சியை நோக்கித்தான் பாயும்.